பெருங்குளமும் எங்கள் ஊர்க் கண்மாயும்

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சமூக அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினான். சிந்துவெளி நாகரிகப் பாடம், மொகஞ்சதாரோவின் பெருங்குளம் வரும் பத்தி. எங்கும் தடங்கல் இல்லை. முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தினான், காற்புள்ளியில் மூச்சு விட்டான். அவனைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற அவன் அம்மா, "தண்ணி மாதிரி வாசிக்கிறான்ல?" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு வருஷத்துக்கு முன்பு வரை அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். பேச்சுவாக்கில் ஒன்று கேட்டேன்: "அந்தக் குளத்துக்கு எதுக்குடா தார் பூசுனாங்க?" அவன் புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி புத்தகத்தைப் பார்த்தான். "சரி, அந்தக் குளம் எப்படி இருந்திருக்கும்? சொல்லு பாப்போம்." இதற்கு உடனே பதில் வந்தது. "நம்ம கண்மாய் மாதிரிக்கா. ஆனா பெருசு. கரை இருக்கும், கரை மேல கருவேல மரம் நிக்கும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது முட்டாள்தனமான பதில் இல்லை. எங்கள் ஊர் திருப்புவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே பெரிதாகத் தண்ணீர் நிற்கும் இடம் என்றால் கண்மாய்தான். 'பெருங்குளம்' என்ற சொல்லை வைத்துத் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய குளத்தை அவன் மனதில் கட்டிப் பார்த்திருக்கிறான். என்னை அரித்தது வேறு. கண்மாய்க்கு யாராவது தார் பூசுவார்களா? அடுத்த வரியில் செங்கல் வருகிறது, படிக்கட்டு வருகிறது. அந்தப் படத்தோடு எதுவுமே ஒட்டவில்லை. அது அவனுக்கு ஒரு தொந்தரவாகவே இல்லை. பொருந்தாத வாக்கியங்களைக் குரலால் கடந்து போய்விட்டான். பாடப்புத்தகத்தில் இருப்பது தனக்குப் புரிய வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. அதை எப்போது, எங்கே விட்டான் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

2021 அக்டோபரில் அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். கொரோனா அடைப்பில் இரண்டு வருஷம் பள்ளி வாசல் மிதிக்காத பிள்ளைகள் 'க'வையும் 'ச'வையும் குழப்பிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு எழுத்து வர வேண்டும், சொல் வர வேண்டும், சத்தமாக வாசிக்க வர வேண்டும். அதற்கே மூச்சு முட்டியது. வாசிக்க வந்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்பினேன். அப்படிச் சொல்லித்தான் பெற்றோரையும் சமாதானப்படுத்தினேன். அந்தப் பையன் வாசித்த அந்தச் சாயங்காலம் அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஆனால் இதே பையன் வேறொரு நாள் என்னைத் திகைக்க வைத்திருக்கிறான். தை மாதம், சிராவயல் மஞ்சுவிரட்டுச் செய்தி வந்த நாளிதழ் ஒன்று வகுப்பில் கிடந்தது. பாடப்புத்தகத்தை விடக் கடினமான நடை, நீள நீளமான வாக்கியங்கள். அங்கங்கே திக்கினான். ஆனால் வாசித்து முடித்ததும் செய்தியில் இல்லாததை எல்லாம் சேர்த்துச் சொன்னான். தொழுவிலிருந்து அவிழ்க்கிற மாடு எது, பொட்டலில் அவிழ்த்துவிடுகிற கட்டுமாடு எது, திமிலை விட்டுவிட்டு வாலைப் பிடித்தால் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், காயம்பட்டவர்களின் எண்ணிக்கை ஏன் மாலையில் கூடுகிறது. 'மாடு நின்று விளையாடியது' என்ற வரியை எழுந்து நடித்தே காட்டினான்.

அமெரிக்காவில் 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் செய்த ஓர் ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். நம் ஏழாம், எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் 64 பேர். பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியைக் கொடுத்து, வாசித்ததை ஒரு மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை விழுந்த பிள்ளைகளில் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிப்பவர்களில் பேஸ்பால் தெரியாதவர்களை விட மேலாகச் செய்திருக்கிறார்கள். மஞ்சுவிரட்டுச் செய்தியை எழுந்து நடித்த பையன்தான் எனக்குக் கண்முன் வந்தான். அவனுக்கு மாட்டைத் தெரியும். மொகஞ்சதாரோவைத் தெரியாது.

சரி, தெரிய வைப்போம் என்று இறங்கினேன். பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ஆழம் கிட்டத்தட்ட 2.4 மீட்டர். அடிக்கணக்கில் 39-க்கு 23, எட்டடி ஆழம். மந்தையில் கயிறு பிடித்துக் கோலப்பொடியால் கோடு போட்டோம். வடக்கிலும் தெற்கிலும் படிக்கட்டு வரைந்தோம். பக்கத்து அறையில் கிணறு, ஒரு மூலையில் தண்ணீர் வெளியேறும் வடிகால். பிள்ளைகள் உள்ளே இறங்கி நின்றார்கள். "இவ்வளவுதானா?" என்றாள் ஒருத்தி. பெரிய ஏமாற்றம் அவளுக்கு. அந்தப் பையன் கோட்டின் மேலேயே நடந்து சுற்றி வந்தான். செங்கல்லை அடுக்கிக் கட்டினது என்றேன். "அப்ப இடுக்குல தண்ணி எறங்கிரும்ல?" என்றான். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டு, "எங்க மாடில ஒழுகுதுன்னு அப்பா தார் ஷீட்டு போட்டாருக்கா. அதே கணக்குதான்!" என்று கத்தினான். நான் கேள்வி கேட்டுச் சரியாகப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

பானை ஓடும் எவர்சில்வர் தட்டும்

கீழடி எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் என் பிள்ளைகளில் பாதிப் பேர் போனதில்லை. போனவர்களும் கல்யாணத்துக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தவர்கள்தான். ஒரு சனிக்கிழமை வேன் பிடித்துப் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியது. உள்ளே போகும் முன் ஒன்றே ஒன்று சொல்லி வைத்தேன்: "எவ்வளவு பழசுன்னு யாரும் கேக்கக் கூடாது. இதை வச்சு என்ன செஞ்சிருப்பாங்க, அது நமக்கு எப்படித் தெரியும், இந்த ரெண்டும்தான் கேக்கணும்."

வட்டச் சில்லுகள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றதும் பெண் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உடைந்த பானை ஓட்டின் ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியவை. அவர்கள் பாண்டி ஆடுவதற்கு ஓட்டைத் தேய்த்து வைத்துக்கொள்வது அப்படியேதான். "இது விளையாட்டுச் சாமான்னு எழுதியிருக்கு, யாருக்கா பாத்தா? சட்டிக்கு மூடியா இருந்தா?" என்று அவர்களிலேயே ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அளவைப் பார்த்தார்கள். மூடி என்றால் அந்த அளவுக்கு வாய் உள்ள சட்டி இருந்திருக்க வேண்டும் என்றார்கள். எல்லாச் சில்லும் ஒரே வேலைக்குத்தான் இருந்தது என்று ஏன் நினைக்க வேண்டும் என்று அவள் விடவில்லை.

அப்புறம் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். கருப்பு சிவப்பு ஓட்டில் கீறிய தமிழி எழுத்துகள், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம். 'ஆதன்' என்ற பெயரை நான் முன்பே அட்டையில் எழுதி, எந்த எழுத்து எது என்று பழக்கியிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எழுத்தெழுத்தாகக் கூட்டினார்கள். இதே பிள்ளைகள்தான் கொரோனாவுக்குப் பிறகு தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள். அன்றைக்கு வெட்கத்தோடு கூட்டினார்கள், இங்கே துப்புத் துலக்குகிற மாதிரி கூட்டினார்கள். வாசித்து முடித்ததும் ஒரு சின்னப் பையன், "பானை மேல எதுக்குக்கா பேரு எழுதணும்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தி, "எங்க அம்மாச்சி சீரு கொடுத்த குடம் பூராவும் பேரு வெட்டியிருக்கும்டா. இல்லைன்னா விசேஷ வீட்டுல மாறிப் போயிரும்" என்றாள்.

திங்கட்கிழமை ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம் கொண்டு வரச் சொன்னேன். தட்டு, டம்ளர், தூக்குவாளி, ஒரு பெரிய அண்டா கூட வந்தது. ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் வாங்கிக்கொண்டு, அதில் வெட்டியிருக்கும் எழுத்தை மட்டும் வைத்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு தட்டில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு தேதி, கீழே 'காதணி விழா'. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது? தேதி இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு இப்போது எத்தனை வயது இருக்கும்? இன்னொரு டம்ளரில் மூன்றெழுத்துதான், மற்றது தேய்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைக்கே அது யார் என்று தெரியவில்லை. அவள் அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். அப்பத்தாவின் அக்கா பெயராம், சின்ன வயதிலேயே இறந்துவிட்டாராம். அந்தப் பாத்திரத்தில் இனிமேல் தண்ணீர் குடிக்க மாட்டேன், பத்திரமாக வைக்கப் போகிறேன் என்றாள்.

கீழடி ஓடுகளில் எழுத்தின் வாட்டம் ஓட்டுக்கு ஓடு வேறுபடுகிறது. குயவர் மட்டுமே எழுதியிருந்தால் இத்தனை கைகள் இருக்காது, பானைக்கு உரியவர்களும் எழுதியிருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர்கள் வைக்கும் வாதம். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் ஒருவரே என்பதால் எங்கள் பாத்திரங்களில் பெரும்பாலும் ஒரே கை. இந்த வித்தியாசத்தை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவளாகவே சொன்னாள்.

எனக்கு இங்கே ஒரு கவலையும் உண்டு. கீழடி என்றாலே பெருமைப்படத்தான் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். மேடையில் பேசுகிற பிள்ளை 'கி.மு. ஆறாம் நூற்றாண்டு' என்று முழங்குகிறது, கைதட்டல் கிடைக்கிறது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் "கி.மு. 580-ன்னு பானையிலேயே எழுதியிருந்துச்சாக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது வந்த சந்தோஷம் அதை விடப் பெரியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியை எடுத்து அமெரிக்காவில் மயாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், கரியில் உள்ள ஒரு வகைக் கார்பன் காலப்போக்கில் ஒரே கணக்கில் குறைந்துகொண்டே வரும், மிச்சத்தை அளந்து வயதைக் கணக்கிட்டார்கள் என்று விளக்கினேன். "அப்ப அது கரியோட வயசு. பானையோட வயசு இல்லையே?" என்றான் அவன். ஒரே மண் அடுக்கு என்றால் என்ன என்பதற்கு அன்றைய வகுப்பு முழுவதும் போய்விட்டது.

ஏழு சொல்

நான் சொல்ல வந்தது இந்த நாளைத்தான். தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-ல் நடுகற்கள், அதாவது சண்டையில் செத்தவர்கள் நினைவாக நட்ட கற்கள், கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்தவை. அவற்றில் ஒன்றில் உள்ளதைக் கரும்பலகையில் அப்படியே எழுதினேன்.

கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்

வேறு எதுவும் சொல்லவில்லை. "இதை வாசிச்சு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன். பத்து வினாடியில் எல்லோரும் வாசித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரே அமைதி. "வினைச்சொல்லே இல்லைக்கா" என்றது ஒரு குரல். ஆமாம், இல்லை. 'பேடு' ஊர்ப் பெயராக இருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் 'கூடல் ஊர்' என்று இன்னொரு ஊர் இருக்கிறது. தீயன் அந்தவன் ஆள் பெயர். 'ஆகோள்' மட்டும் இடித்தது. ஓரெழுத்து ஒருமொழி படித்த ஏழாம் வகுப்புக்காரி "ஆ-ன்னா பசு" என்றாள். கோள்? கோள் சொல்வது, கோள்கள் ஒன்பது என்று ஏதேதோ வந்தது. கொள், கொள்வது, கொள்ளை என்று பலகையில் எழுதினேன். "மாட்டைக் கொண்டு போறது!" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தொல்காப்பியத்திலும் இந்தச் சொல் இருக்கிறது, ஆநிரை கவர்தல் அந்தக் காலப் போரின் ஒரு பகுதி என்று அதற்கு மேல்தான் சொன்னேன்.

பிறகு சண்டை தொடங்கியது. அந்தவன் மாட்டைக் கவரப் போனவனா, மீட்கப் போனவனா? கல்வெட்டு சொல்லவில்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "மாட்டைக் காப்பாத்தச் செத்தவனுக்குத்தான் கல் வைப்பாங்க, திருடப் போனவனுக்கு யாரு வைப்பா?" என்றது ஒரு கட்சி. "அவன் ஊருக்காரங்க வைப்பாங்க. அவங்களுக்கு அவன் திருடன் இல்லையே" என்றது இன்னொரு கட்சி. ஆகோள் என்றுதானே இருக்கிறது, மீட்டான் என்று ஏன் எழுதவில்லை என்று ஒருத்தி சொல்லைப் பிடித்துக்கொண்டாள். செத்தான் என்றும்தான் எழுதவில்லை, நாம் எப்படிச் செத்தான் என்கிறோம் என்று இன்னொருத்தி மடக்கினாள். 'கல்' என்று இருக்கிறதே, அதனால்தான். இருக்கிற ஏழு சொல்லையும் இல்லாத சொற்களையும் அவர்கள் எடைபோட்டுப் பேசியதை நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் பத்தி பத்தியாக வாசிக்க வைத்துக் கிடைக்காதது இது.

நம் கண்மாய்ப் பையன் அதுவரை பேசவில்லை. கடைசியில்தான் எழுந்தான். "அக்கா, அந்தக் கல்லு எந்த ஊர்ல நின்னுச்சுன்னு தெரிஞ்சாப் போதும். அந்தவன் ஊர்ல நின்னா அவன் ஆளுங்க வச்சது. கூடலூர்ல நின்னா கூடலூர்க்காரங்க வச்சது. அப்ப அவன் அவங்களுக்காகச் சண்டை போட்டிருப்பான்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கிடைத்தது புலிமான்கோம்பையில் என்றேன். அங்கிருந்து கூடலூர் எவ்வளவு தூரம், கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரா, மதுரைக்கும் கூடல் என்று பெயர் உண்டே, அதுவா என்று மறுபடி ஒரு சுற்று ஆரம்பித்தது. வகுப்பு ஏழு மணிக்கு முடிய வேண்டும். அன்று ஏழேமுக்கால் ஆனது, பெற்றோர் வாசலில் காத்திருந்தார்கள்.

ஏன் இத்தனை பழையதற்குப் போக வேண்டும், மஞ்சுவிரட்டுச் செய்தியையே வாசிக்க வைத்தால் போதாதா என்று என் தோழி கேட்டாள். அவள் இருபது வருஷமாகப் பள்ளி ஆசிரியை, அவள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நான் யோசித்துச் சொன்னது இதுதான். மாட்டைப் பற்றி அவனுக்கு எனக்கு மேலே தெரியும், அதில் புத்தகம் அவனுக்குத் தேவையில்லை. பூமியைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ என்றால் விடை என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியும், என் முகத்தைப் பார்த்து விடையைத் தேடுவான். அந்தவன் விஷயத்தில் என் முகத்தில் எதுவும் கிடைக்காது. எனக்கும் அந்த ஏழு சொல்தான், அவனுக்கும் அந்த ஏழு சொல்தான். மறுபடியும் எழுத்தைத்தான் பார்த்தாக வேண்டும். தோழி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அந்தக் கல்வெட்டு வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது மழைக்காலத்துக்காக ஒரு பாடம் வைத்திருக்கிறேன். சுமேரியர்கள் களிமண் பலகையில் எழுதிவைத்த பள்ளிக்கூடப் பாடம் ஒன்று உண்டு, ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழையது. ஒரு மாணவன் தன் நாளைச் சொல்கிறான். அம்மா இரண்டு ரொட்டி கொடுத்து அனுப்புகிறாள், பள்ளியில் பேசினதற்கு அடி, எழுத்து சரியில்லை என்று அடி. கடைசியில் அப்பா ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கிறார், உடையும் மோதிரமும் கொடுக்கிறார், ஆசிரியர் பையனை வாயாரப் புகழ்கிறார். எங்கள் கண்மாய்க் களிமண்ணில் பலகை தட்டி வைத்திருக்கிறோம். அந்த ஆசிரியர் மனம் மாறியதற்குக் காரணம் என்ன என்று அவர்கள் எழுத வேண்டும்.

போன வாரம் அந்தப் பையனின் அம்மா வந்தார். முகம் வாடியிருந்தது. "முன்னாடி தண்ணி மாதிரி வாசிப்பான் டீச்சர். இப்ப வரிக்கு வரி நிக்கிறான். மேல பாக்குறான், யோசிக்கிறான். மறந்துட்டானோன்னு பயமா இருக்கு." பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவனை அதே சிந்துவெளிப் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். பெருங்குளத்தைத் தாண்டி அடுத்த பத்திக்கு வந்தான். தானியக் களஞ்சியம் என்ற இடத்தில் நின்றான். அம்மா என்னைப் பார்த்தார். அவன் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டே கேட்டான்: "இது களஞ்சியம்னு எப்படிக்கா தெரியும்? உள்ள தானியம் கிடந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு தேடிப் படித்தேன். மொகஞ்சதாரோவில் உள்ள அந்தக் கட்டடத்தை 1950-ல் அகழ்ந்து களஞ்சியம் என்று அடையாளம் சொன்னவர் மார்டிமர் வீலர். உள்ளே தானியம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெயர் சரிதானா என்று ஆய்வாளர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் சாயங்காலம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஐந்து மணிக்கு முன்பே போய்க் காத்திருந்தேன்.